மைதேயின் டிரெய்லருக்கு நான் பிரேக் வைத்தது

பிக்ஹார்ன் மலையின் வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: என் அக்கா மைதேயின் பிக்கப் வண்டியில் நான் டிரெய்லர் பிரேக்குக்கு ஒயர் இழுப்பதற்கு முன், இழுத்ததற்குப் பின். மலை எழுந்தது, பனியாறுகள் உருகியது, எங்கள் பாஸ்க் இனத் தாத்தாக்கள் கப்பலேறி வந்து ஆடு மேய்த்தது எல்லாம் முதல் பகுதியில் அடங்கும். இரண்டாம் பகுதி செப்டம்பரின் கடைசிச் சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தொடங்கியது. இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அப்போது லாரமி பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் மூன்றாம் பருவம் படித்துக்கொண்டிருந்தேன். எதையும் மிகைப்படுத்தும் தேவை எனக்கு இருக்கவில்லை.

முதல் பகுதியில் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கோடை முழுவதும் மலைமேல் ஆடுகள் நிற்கும். ஆடு நிற்கும் இடத்துக்குச் சாலை கிடையாது. மேய்ப்பர்களுக்கு மாவு, உப்பு, உருளைக்கிழங்கு, டார்ச்சுக்கு பேட்டரி, வீட்டிலிருந்து வந்த கடிதம் என்று வாரம் ஒருமுறை கொண்டுபோய்ச் சேர்ப்பது மைதேயின் வேலை. சாலை முடிகிற இடத்திலிருந்து இரண்டு கோவேறு கழுதைகளின் மேல் சுமை ஏற்றி, ஆடுகள் நிற்கும் இடத்தைத் தேடிப் போவாள். கறுப்பு நிறத்தது பெல்ட்சா. பழுப்பு நிறத்தது டோமாஸ். இரண்டும் ஆட்டுக் கம்பெனிக்குச் சொந்தமில்லை, அவளுக்குச் சொந்தம். அவளைக் கம்பெனி வேலைக்கு வைத்திருந்ததே அந்த இரண்டுக்காகத்தான். அவை போனால் மைதேயிடம் மிஞ்சுவது ஒரு வலிக்கும் முழங்காலும், என்னைவிடப் பத்து வயது மூத்த ஒரு பிக்கப்பும்தான்.

கோடை முடிந்ததும் கழுதைகளைக் கீழே கொண்டுவர வேண்டும். வழியில் இருப்பது 'சறுக்கு'. வரைபடத்தில் அதற்கு ஓர் எண் உண்டு. அந்த எண்ணை யாரும் சொல்வதில்லை. பதினோரு மைல் இறக்கம், நூறு அடிக்குப் பத்து அடி. மைதேயின் டிரெய்லர் சக்கரங்களில் மின்சார பிரேக் இருந்தது. அதற்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி பிக்கப்பில் இல்லை. பல் இருந்தும் கடிக்கச் சொல்ல ஆளில்லாத நாய் மாதிரி, டிரெய்லர் சும்மா பின்னால் வரும். இரண்டு கழுதைகளோடு அதைச் சறுக்கில் இறக்கினால் பிக்கப்பின் பிரேக் மட்டும் தாங்காது.

ஆகவே மைதே என்ன செய்வாள் தெரியுமா? உச்சியில் வண்டியை நிறுத்திவிட்டு, கழுதைகளை இறக்கி, பழைய ஆட்டுப் பாதையில் நடத்திக்கொண்டு போவாள். சாலை பதினோரு மைல் சுற்றுகிறது. ஆட்டுப் பாதை நேராக ஆறு மைல் விழுகிறது. மூன்று மணி நேரம். காலி டிரெய்லரோடு வண்டியை நான் ஓட்டிக்கொண்டு இறங்கி, கீழே காத்திருந்து, பாதி புத்தகம் படித்து, தூங்கி, எழுந்து பார்த்தால் அப்போதுதான் வருவாள். கழுதையை ஏற்றிப் போவதற்காகவே செய்யப்பட்ட வண்டி ஒன்று காலியாகப் போகிறது, அதன் சொந்தக்காரி கழுதையோடு நடந்து போகிறாள். இதற்குப் பெயர் எச்சரிக்கை என்றாள். ஒரே ஒரு பக்தை உள்ள மதம் என்றேன் நான்.

"மோசே கூட நாப்பது வருஷத்துல ஜனத்தக் கொண்டுபோய்ச் சேத்துட்டாரு அக்கா. ஒனக்கு இன்னும் எத்தன வருஷம் ஆகும்?"

"அவரு பின்னால வந்தது மனுசங்கடா. அதான் லேட்டு. என் பின்னால வர்றது கழுதை. சொன்னாக் கேக்கும்."

ஆகஸ்டில் சர்ச் விருந்தில் இதையே முப்பது பேருக்கு முன்னால் சொன்னேன். அவள் நடப்பதை நடித்தும் காட்டினேன். முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கழுதையிடம் வழி கேட்டுக்கொண்டு. மேசையே அதிர்ந்தது. மைதேயும் சிரித்தாள். தட்டில் மிச்சமிருந்த ஆட்டுக் குழம்பை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டாள். ஆனால் இரண்டாவது காப்பி வாங்காமல் எழுந்து போனாள். நான் அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு, எனக்கு இரண்டாவது காப்பி வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பரில் போன் செய்தாள்.

"அந்தப் பெட்டின்னு சொன்னியே. அத வாங்கிட்டு வந்து மாட்டிக் குடு. இந்த வருஷம் நான் நடந்து எறங்கல."

சனிக்கிழமை காலை பிக்கப்பின் இருக்கையில் காலையும், பெடல்களுக்கு நடுவே தலையையும் வைத்துப் படுத்தேன். டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு சுண்டெலிக் குடும்பம் வாழ்ந்து முடித்திருந்தது. பஞ்சு, சூரியகாந்தி விதைத் தோல், யாரோ தொலைத்த ஜெபமாலையின் மூன்று மணிகள். அத்தனையும் என் முகத்தில் விழுந்தன.

வேலை சுலபம். நான்கு ஒயர்கள். கறுப்பு பேட்டரிக்கு, நடுவில் ஒரு ஃபியூஸ். வெள்ளை பேட்டரியின் மைனஸுக்கு, நேராக. பாடியில் ஏதோ ஒரு ஸ்க்ரூவில் முடுக்கிவிட்டுப் போவது சோம்பேறிகளின் வழி. நீலம் பின்னால் டிரெய்லரின் பிளக்குக்கு. சிவப்புதான் மூளை: பெடலுக்கு மேலே இருக்கும் பிரேக் லைட் சுவிட்சிலிருந்து அதை எடுக்க வேண்டும். பெடலை மிதித்தால் பிரேக் லைட்டுக்குக் கரண்ட் ஓடும், சிவப்பு அதை மோப்பம் பிடித்துப் பெட்டிக்குச் சொல்லும், பெட்டி நீலத்தில் கரண்ட்டை அனுப்பும், டிரெய்லர் சக்கரத்துக்குள் இருக்கும் காந்தம் இழுக்கும், பிரேக் பிடிக்கும். பெட்டியில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு உண்டு. பிரேக்குக்குக் கரண்ட் போகும்போது அது எரியும். அவசரத்துக்கு டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடிக்க, கையால் தள்ளும் ஒரு நெம்புகோலும் உண்டு.

"மிதி."

"மிதிச்சிருக்கேன்."

"விடு."

"விட்டுட்டேன்."

"நெஜமா விட்டியா?"

"என் கால் ஒங்கிட்டப் பொய் சொல்லுமாடா?"

டெஸ்ட் லைட்டை ஒவ்வொரு ஒயராகக் குத்திப் பார்த்தேன். மிதித்தால் எரிந்து, விட்டால் அணைவது எதுவோ அதுதான். கண்டுபிடித்தேன், தோலை உரித்தேன், முறுக்கினேன், டேப் சுற்றினேன். பெட்டியோடு நான்காக மடித்த ஒரு காகிதம் வந்திருந்தது. 'பழைய வண்டிகளுக்கு' என்று தடித்த எழுத்தில் ஒரு தலைப்பு. அதைத் தோளுக்கு அடியில் போட்டுக்கொண்டேன். வண்டியின் தரை சில்லென்று இருந்தது.

"அந்தப் பேப்பர்ல என்னடா போட்டிருக்கு?"

"வாங்குனதுக்கு நன்றின்னு."

"அவ்ளோ நீளமாவா நன்றி சொல்வாங்க?"

"நல்ல கம்பெனி."

மதியம் முற்றத்தில் காலி டிரெய்லரை மாட்டி ஓட்டிப் பார்த்தோம். பெடலை மிதித்தால் பெட்டியின் விளக்கு எரிந்தது. நெம்புகோலைத் தள்ளினால் டிரெய்லரின் நான்கு சக்கரங்களும் அப்படியே நின்று, சரளையில் இரண்டு கோடுகளை உழுதன. மைதே இறங்கிப் போய் அந்தக் கோடுகளைப் பூட்ஸ் முனையால் தொட்டுப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் பாத்துட்டியா?"

"எல்லாத்தையும்."

"ஏதாச்சும் ஒண்ணு விட்டுப்போயிருந்தா?"

"அக்கா, மின்சாரத்துக்கு மனசு கெடையாது. சொன்ன வழியில போகும். ஒன் கழுதைய விட நல்லாக் கேக்கும்."

ஞாயிறு காலை காலி டிரெய்லரோடு ஏறினோம். மேலே முதல் பனி ஒரு சாண் உயரம் விழுந்து, பாதி உருகியிருந்தது. ஆடுகள் முந்தின வாரமே இறங்கிவிட்டன. கடைசிக் கூடாரத்தையும் அடுப்பையும் வண்டியில் ஏற்றினோம். பெல்ட்சா தானாக டிரெய்லருக்குள் ஏறியது. டோமாஸ் படியில் முன்காலை வைத்து, எடுத்து, வைத்து, எடுத்தது. அதுவும் கடைசியில் ஏறியது. பின்னேரம் இன்னும் பனி விழும் என்று ரேடியோ சொன்னது.

இரண்டு மணிக்குச் சறுக்கின் உச்சிக்கு வந்தோம். வருடாவருடம் நிறுத்தும் இடத்தில் மைதே வண்டியை நிறுத்தினாள். கீழே ஒன்றும் தெரியவில்லை. மேகம் சாலையின் குறுக்கே படுத்திருந்தது. முதல் வளைவு அதற்குள் போய் முடிந்தது. பின்னால் கழுதைகள் அசைந்து நின்றன. இங்கே நிறுத்தினால் கதவு திறக்கும் என்பது அவற்றுக்குத் தெரியும். கதவு திறக்கவில்லை. டோமாஸ் காலால் ஒருமுறை கதவைத் தட்டியது. கொஞ்சம் விட்டு இன்னொரு முறை.

மைதே கியரின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"எறக்கிடவாடா?"

"தாராளமா. நான் கீழ போயி, கல்யாணம் பண்ணி, புள்ளை பெத்து, அவனையும் கூட்டிட்டு வந்து ஒனக்காகக் காத்திருக்கேன்."

அவள் சிரிக்கவில்லை. இரண்டாவது கியரைப் போட்டாள். பிறகு ஹசார்ட் பொத்தானை அழுத்தினாள்.

அது எங்கள் பக்கத்து வழக்கம். சறுக்கில் மணிக்கு நாற்பது மைலுக்குக் குறைவாக இறங்குகிறவன் நான்கு மஞ்சள் விளக்குகளையும் மினுக்கவிட்டுப் போக வேண்டும், பின்னால் வருகிறவனுக்குத் தெரிவதற்காக. மேகத்தில் சொல்லவே வேண்டாம். ஹசார்ட் போடாமல் மெல்ல இறங்குவது சர்ச்சுக்குள் தொப்பியோடு உட்காருவதற்குச் சமம். டாஷ்போர்டில் டிக், டிக் என்று அது தொடங்கியது. நாங்கள் மேகத்துக்குள் போனோம்.

பெட்டியின் சின்னச் சிவப்பு விளக்கும் மினுக்கியது. அதைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. உயிரோடு இருக்கிறது என்று நினைத்தேன்.

ஒரு மைல் போனதும் மைதே சொன்னாள். "பின்னாலேர்ந்து யாரோ சட்டையப் புடிச்சு இழுத்து இழுத்து விடற மாதிரி இருக்கு."

எனக்கும் தெரிந்தது. மெல்லிய இழுப்பு, விடும், மறுபடி இழுப்பு.

"ரோட்டுல காங்கிரீட்டப் பாளம் பாளமாப் போட்டிருக்கான்ல. அந்த இணைப்பு."

"போன வருஷம் இல்லியே."

"போன வருஷம் நீ ரோட்டுலயே வரலியேக்கா."

வாதத்தில் நான் அன்று அடைந்த கடைசி வெற்றி அது.

மூன்றாவது மைலில் மேகம் ஓரிடத்தில் கிழிந்தது. எதிரே ஒரு வண்டி ஏறி வந்தது. வெல்டிங் மெஷினை முதுகில் ஏற்றிய, எங்கள் ஊர் வெல்டர் ஹார்லனின் வண்டி. எங்கள் சாலைகளில் எதிரே வருகிறவருக்கு ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவோம், அதுதான் வணக்கம். ஹார்லன் கை முழுவதையும் தூக்கினார். உள்ளங்கை கண்ணாடியில் ஒட்டியதுபோலத் தெரிந்தது. நாங்கள் ஆளுக்கொரு விரலைத் தூக்கினோம். மேகம் மூடிக்கொண்டது.

"ஹார்லனுக்கு என்னவாம் இன்னிக்கு இவ்ளோ பாசம்?" என்றேன்.

மைதே கண்ணாடியை இரண்டு அங்குலம் இறக்கி மூக்கை வைத்தாள். "என்னமோ கருகுது."

"அவரோட வெல்டிங்காத்தான் இருக்கும்."

"ஓட்டிக்கிட்டே வெல்டிங் பண்றாராடா?"

கண்ணாடியை ஏற்றினாள். வாசனை உள்ளேயே தங்கிவிட்டது. வெறும் சட்டியை அடுப்பில் மறந்ததுபோல ஒரு வாசனை. டிக், டிக் என்று ஹசார்ட் ஓடிக்கொண்டிருந்தது. சாலையோரம் விபத்தில் இறந்தவர்களுக்காக நட்ட சின்ன வெள்ளைச் சிலுவைகள் ஒவ்வொன்றாக மேகத்திலிருந்து வந்து, நின்று, பின்னால் போயின. ஒரு வளைவில் மூன்று இருந்தன. பின்னால் கழுதைகளிடம் சத்தமே இல்லை. கழுதை அமைதியாக இருப்பதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்கிறவன் கழுதையோடு பழகாதவன். நான் நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டேன்.

ஐந்தாவது மைலில் அந்த இழுப்பு நின்றது.

"நின்னுடுச்சு," என்றாள்.

"பாத்தியா? பாளம் முடிஞ்சுபோச்சு."

வண்டி இப்போது வழுவழுவென்று ஓடியது. கொஞ்சம் அதிகமாகவே வழுவழுவென்று. முப்பதில் இருந்த வேகமுள் முப்பத்தைந்துக்கு வந்தது. மைதே பிரேக்கை மிதித்தாள். பெட்டியின் விளக்கு பளிச்சென்று எரிந்தது. வண்டியின் மூக்கு தாழ்ந்தது. முன் பிரேக் பிடித்தது. பின்னாலிருந்து டிரெய்லர் எங்களை முதுகில் கைவைத்துத் தள்ளியது. விட்டாள். மறுபடி மிதித்தாள். முள் நாற்பது.

"டிரெய்லர் புடிக்கல."

"லைட் எரியுதே."

"லைட் எரியுதுடா. டிரெய்லர் புடிக்கல."

நான் குனிந்து நெம்புகோலைக் கடைசி வரை தள்ளினேன். விளக்கு இதுவரை எரியாத அளவுக்கு எரிந்தது. முற்றத்தில் நான்கு சக்கரங்களையும் நிறுத்திய அதே நெம்புகோல். ஒன்றும் நடக்கவில்லை.

"தள்ளு."

"தள்ளிட்டேன்."

"இன்னும் தள்ளு!"

"இதுக்கு மேல எடமில்லக்கா!"

இரண்டாவது கியரில் இன்ஜின் ஊளையிட்டது. முதல் கியருக்கு மாற்றப் பார்த்தாள், உறுமியது, விழவில்லை. பெடல் தரைக்குப் பக்கத்தில் போய்விட்டதை அவள் முழங்கால் நீள்வதை வைத்தே என்னால் பார்க்க முடிந்தது. நாற்பத்தைந்து. கை பிரேக்கை இழுத்தாள். எங்கோ ஒரு கீச்சல் கேட்டு அடங்கியது. ஹசார்ட் மட்டும் அதே நிதானத்தில் டிக், டிக் என்றது, மருத்துவர் அறைக் கடிகாரம் மாதிரி.

மேகத்திலிருந்து ஒரு மஞ்சள் பலகை வந்தது. பிரேக் போன லாரிகளுக்கான கல் மெத்தை, அரை மைல்.

அது சாலையிலிருந்து வலப்பக்கம் பிரிந்து மலைமேல் ஏறும் ஒரு சரிவு. முழுவதும் கூழாங்கல்லைக் கொட்டி வைத்திருப்பார்கள். உள்ளே போன வண்டி புதைந்து நிற்கும். வண்டிக்குள் இருக்கிறவர்களுக்கு பெல்ட் உண்டு. டிரெய்லரில் நிற்கிறவற்றுக்கு இல்லை.

"பின்னால ரெண்டும் நின்னுக்கிட்டு இருக்குடா," என்றாள் மைதே. சத்தமாகச் சொல்லவில்லை. எனக்காகச் சொன்னதாகவும் தெரியவில்லை.

"அக்கா, அதுல ஏத்திடு."

"முட்டி ஒடிஞ்சா எழுந்திருக்காது. அங்கயே சுட்டு முடிக்கணும்."

"அக்கா!"

முள் ஐம்பதைத் தாண்டியது. வலப்பக்கம் கல் மெத்தை வாயைத் திறந்தது. கடைசி நொடியில் அவள் இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கைத் திருப்பினாள். "ஹோ! ஹோ!" என்று பின்னால் இருந்தவற்றுக்குக் கத்தினாள். சுமை ஏற்றும்போது அசையாமல் நிற்கச் சொல்வதற்கு அவள் சொல்கிற சொல் அது.

கல்லுக்குள் போனதும் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பல்லைக் கடித்ததுபோல ஒரு சத்தம். கண்ணாடி முழுவதும் கல் தெறித்தது. பெல்ட் என்னை இரண்டாக மடித்தது. பின்னால் டிரெய்லருக்குள் கனமான ஒன்று சுவரில் மோதியது. பிறகு இன்னொன்று.

நின்றோம்.

டிக், டிக், டிக்.

மைதே அதற்குள் இறங்கி ஓடியிருந்தாள். நானும் ஓடினேன். டிரெய்லரின் நான்கு சக்கரங்களிலிருந்தும் புகை வந்தது. ஒன்றின் நடுவில் கிரீஸ் பற்றி, சின்ன மஞ்சள் நாக்கு ஒன்று நக்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் கேனை எடுக்கப் போனேன்.

"மொதல்ல கதவு!" என்று கத்தினாள்.

கதவைத் திறந்தோம். பெல்ட்சா நான்கு காலையும் அகட்டி, நிற்கச் சொன்ன இடத்தில் நின்றுகொண்டிருந்தது. டோமாஸ் முன்முட்டி போட்டு விழுந்து, மூக்கைச் சுவரில் அழுத்திக் கிடந்தது. மூக்கிலிருந்து ரத்தம் வைக்கோலில் சொட்டியது. மைதே உள்ளே ஏறி, அதன் கழுத்தில் கையைப் போட்டு, காதுக்குள் எதையோ சொன்னாள். எழவில்லை. மறுபடி சொன்னாள். அவள் குரல் மாறவே இல்லை. மூன்றாவது முறை அது ஒரு காலை ஊன்றியது. பிறகு அடுத்ததை. எழுந்து நின்று நடுங்கியது.

இரண்டையும் வெளியே கொண்டுவந்து, தீயில் தண்ணீர் ஊற்றினேன். சக்கரம் பாம்புபோலச் சீறியது. அப்போதுதான் மைதே தன் வலது கையை நெஞ்சோடு அணைத்திருப்பதைப் பார்த்தேன். ஸ்டீயரிங் திரும்பியடித்ததில் மணிக்கட்டு வீங்கி, கட்டைவிரல் அதற்குரிய இடத்தில் இல்லாமல் இருந்தது.

ஹசார்டை அணைக்கலாம் என்று வண்டிக்குள் ஏறினேன். பெடலில் யார் காலும் இல்லை. நெம்புகோலை யாரும் தொடவில்லை. பெட்டியின் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. டிக் என்றால் எரிந்தது. டிக் என்றால் அணைந்தது.

பொத்தானை அமுக்கி ஹசார்டை நிறுத்தினேன். பெட்டியின் விளக்கும் நின்றது. மறுபடி போட்டேன். பெட்டி மறுபடி மினுக்கியது.

அந்தக் காலத்துப் பிக்கப்களில் பின்னால் பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் ஒரே பல்பு. ஹசார்ட் போட்டால் அந்தக் கரண்ட் பல்புக்குப் போவதோடு நிற்காது. பிரேக் ஒயர் வழியாகத் திரும்பியும் வரும். அந்த ஒயரில்தான் என் சிவப்பு, டேப் சுற்றிக் காத்திருந்தது. ஒவ்வொரு மினுக்கலுக்கும் 'மிதித்துவிட்டார்கள்' என்று அது பெட்டிக்குச் சொன்னது. உச்சியிலிருந்து ஐந்து மைல், நொடிக்கு ஒருமுறை, டிரெய்லர் பிரேக் பிடித்து விட்டு, பிடித்து விட்டு, காய்ந்து, வெந்து, செத்தது. மின்சாரம் சொன்ன வழியில்தான் போனது. அழைக்காத வழியில் திரும்பி வரும் கரண்ட்டைப் பற்றிப் பாடத்தில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. அதில் நான் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

நிமிர்ந்தால் கதவருகே மைதே நின்றிருந்தாள். நான் பொத்தானைப் போட்டதையும் அணைத்ததையும் பார்த்திருக்கிறாள்.

"ஹசார்டாலயா?"

நான் பொத்தானிலிருந்து கையை எடுத்தேன்.

"நான்தான போட்டேன் அத," என்றாள். முகம் வெளுத்தது. கழுதைகள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். "நான்தான் போட்டேன்."

அந்த இடத்தில் எனக்கு ஒரு வசதி கிடைத்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வருடக்கணக்காக அவள் அதைத் தூக்கிக்கொண்டு நடந்திருப்பாள். சுமை தூக்குவதில் அவள் யாரிடமும் முறையிடுகிறவள் அல்ல.

"இல்லக்கா. எல்லாரும் போடறதத்தான் நீ போட்ட. நான் ஒயர்ல தப்புப் பண்ணிட்டேன். அந்தப் பேப்பரயும் படிக்கல."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரி," என்றாள்.

மேலேயிருந்து ஒரு வண்டி வந்து நின்றது. ஹார்லன். எங்களுக்காகவே உச்சிக்குக் கீழே எங்கோ திருப்பிக்கொண்டு வந்திருக்கிறார்.

"சக்கரத்துலேர்ந்து பொகை வந்துச்சேன்னு கையத் தூக்கித் தூக்கிக் காட்டுனேன்," என்றார்.

"பாத்தோம்," என்றேன். "பதிலுக்கு நாங்களும் விரலக் காட்டுனோம்."

அவர் என்னைப் பார்த்தார். மைதேயின் கையைப் பார்த்தார். அச்சு வரை கல்லில் புதைந்திருந்த பிக்கப்பைப் பார்த்தார். "இத இழுக்கிற வண்டி நாளைக்குத்தான் வரும். அதுக்குள்ள பனி எறங்கிடும். ஒன்ன ஆஸ்பத்திரில விட்டுர்றேன் மைதே. ஆனா இந்த ரெண்டும்..." தன் வண்டியின் முதுகைத் திரும்பிப் பார்த்தார். வெல்டிங் மெஷின், சிலிண்டர்கள், இரும்பு. ஒரு கோழிக்குக்கூட இடமில்லை.

முதல் பனித்துகள் ஒன்று பெல்ட்சாவின் முதுகில் விழுந்து, உருகாமல் இருந்தது. கல் மெத்தை பிரியும் இடத்தில், குத்துச்செடிகளுக்கு நடுவே, ஆட்டுப் பாதை சாலையைத் தொட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போகிறது. மைதே இடது கையால் குனிந்து பெல்ட்சாவின் கயிற்றை எடுத்தாள். வலது கையால் டோமாஸின் கயிற்றை எடுக்கப் போய், பல்லைக் கடித்து நின்றாள்.

இரண்டையும் அவளிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

"கயித்தக் கையில சுத்திக்காத," என்றாள். "அது வழுக்குனா ஒன்னையும் சேத்து இழுத்துட்டுப் போகும்."

"ம்."

"பெல்ட்சா முன்னால. டோமாஸ் பின்னால. அவசரப்படுத்தாத. நின்னா நீயும் நில்லு."

"ம்."

"வழி தெரியலன்னா..."

"பெல்ட்சாகிட்டக் கேட்டுக்கறேன்."

கேலியாக வரும் என்றுதான் வாயைத் திறந்தேன். வரவில்லை. அவளும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. தலையை ஆட்டிவிட்டு ஹார்லனின் வண்டியில் ஏறினாள். அதன் சிவப்பு விளக்குகள் மேகத்துக்குள் போய் அணைந்தன.

பாதை செங்குத்தாக இறங்கியது. பனி கல்லை மூடத் தொடங்கியிருந்தது. கல் எது, பள்ளம் எது என்று எனக்குத் தெரியவில்லை. பெல்ட்சா மூக்கைத் தாழ்த்தி ஒவ்வொரு கல்லையும் முகர்ந்துவிட்டுத்தான் காலை வைத்தது. அது வைத்த இடத்தில் நானும் வைத்தேன். இடப்பக்கம் எங்கோ ஆழத்தில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது, பார்க்க முடியவில்லை. பின்னால் டோமாஸின் மூச்சில் ரத்தம் கொப்பளிக்கும் ஒலி.

அரை மைல் போயிருப்போம். டோமாஸ் நின்றது. நானும் நின்றேன். அது மூச்சு வாங்கி முடிக்கும் வரை காத்திருந்து, கயிற்றைச் சுற்றாமல் பிடித்துக்கொண்டு, மறுபடி நடந்தோம்.